முதல் வழித்தடத்துத் துண்டு

எங்கள் நாட்டுக்கு ஒரு தலைநகரம் இருந்தது, அந்தத் தலைநகரத்துக்கு ஒரு ரயில் இல்லாமல் இருந்தது, ரயில் இல்லாத குறையைத் தவிர மற்ற எல்லாக் குறைகளையும் எங்கள் ஜனங்கள் சிரித்த முகத்தோடு பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், அரசாங்கம் இருபத்தேழு வருடம் யோசித்து, பதினான்கு வருடம் பள்ளம் தோண்டி, கடைசியில் ஒரு சித்திரை மாதத்துக் காலையில் பழைய கருவூலத்திலிருந்து குதிரைச்சந்தை வரை ஒன்பது நிலையங்கள் கொண்ட முதல் வழித்தடத்தைத் திறந்துவைத்தது. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

எடை அளவு அலுவலகத்தில் தராசுகளுக்கு முத்திரை குத்துகிற எழுத்தர் ஏகாம்பரமும் இருந்தார். வண்டி கொடியசைக்கப்பட்டு நடைமேடைக்குள் ஊர்ந்து வந்தபோது, சக்கரம் நிற்பதற்குள், எங்கள் ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத அந்தக் காரியத்தை அவர் செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூன்றாவது பெட்டியின் ஜன்னல் வழியாக உள்ளே ஓர் இருக்கையில் வீசிவிட்டு, கதவை நோக்கி ஓடினார். பேருந்திலும் சினிமாக் கொட்டகையிலும் கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். துண்டு விழுந்த இடம் துண்டு போட்டவருடையது; சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த ஒரு சட்டத்தைத்தான் எங்கள் நாட்டில் எல்லோரும் மதிக்கிறார்கள். ஜன்னலிலிருந்து கதவு ஆறடி தூரம்தான். ஆனால் நெரிசலில் அந்த ஆறடியைக் கடக்க ஏகாம்பரத்துக்கு மூன்று நிமிடம் ஆனது, அந்த மூன்று நிமிடத்தில் அவருடைய துண்டுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

துண்டு வெள்ளை, கரை மயில்நீலம். அன்றைக்குக் கொடியசைக்க வந்த போக்குவரத்து அமைச்சரின் தோளிலும் மயில்நீலக் கரை போட்ட ஒன்று இருந்தது. இருக்கைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் இது அமைச்சருடையதாக இருக்குமோ என்றார், அடுத்தவர் அமைச்சருடையதுதான் என்றார், மூன்றாமவர் அமைச்சர் தன் கையால் விரித்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சொன்னார். ஏகாம்பரம் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தபோது, அவருடைய துண்டைச் சுற்றி ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அரைவட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். ஒரு காவலர் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அமைச்சரின் உதவியாளர் துண்டை எடுத்துப்போக வந்தபோது அது வரவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள், நான்கு பேர் இழுத்தார்கள், பணிமனையிலிருந்து கடப்பாரை வந்தது, கடப்பாரை வளைந்தது, துண்டு கசங்கக்கூட இல்லை. யாராவது அதன்மேல் உட்காரப் பார்த்தால் வழுக்கித் தரையில் விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் மூன்று நாள் ஆராய்ந்து, துண்டு என்பது வண்டியின் ஓர் உறுப்பு என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். அமைச்சரிடம் கேட்டார்கள். தன் துண்டு தன் தோளில் கிடக்கும்போதே அவர், ஆமாம், அதுவும் என்னுடையதுதான் என்றார். ஜனங்களாகப் பார்த்துக் கொடுப்பதை மறுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவருக்குப் பிறகு வந்த மூன்று அமைச்சர்களும் பதவியேற்ற மறுநாளே அது தங்களுடையது என்று அறிவித்தார்கள், ஒருவர்கூட அந்த வண்டியில் ஏறவில்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வேறு ஊராக இருந்தால் பயந்திருக்கும், அல்லது சிரித்திருக்கும். எங்கள் ஊர் பொறாமைப்பட்டது. அமைச்சருக்கு ஓர் இருக்கை என்றால் எனக்கு எங்கே என்று அந்த வாரமே தலைமைப் பொறியாளர் தன் துண்டைப் பக்கத்து இருக்கைக்கு அனுப்பிவைத்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது. பிறகு நகராட்சித் தலைவரின் துண்டு வந்தது, சிமெண்டுக்காரரின் துண்டு வந்தது, நான்கு கல்லூரிகளுக்குச் சொந்தக்காரரான கல்வித் தந்தையின் துண்டு, அவர் மகனின் துண்டு, இன்னும் பிறக்காத பேரனுக்காக ஒரு சின்னப் பூத்துண்டு, இப்படி வண்டி கொட்டகையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஓட்டுநர்களும் வேலைக்காரர்களும் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனார்கள். போட்டவர் வந்து உட்கார்ந்துவிட்டால் துண்டு வெறும் துண்டுதான். போட்டவர் வராத துண்டுதான் கனத்தது. இந்த நுட்பத்தை ஊர் மிகச் சீக்கிரம் புரிந்துகொண்டது. பெரிய மனிதர் என்றால் யார் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் அதற்குமுன் எங்களிடம் இருந்ததில்லை.

ஆறு மாதத்தில் முதல் வழித்தடம் நிரம்பியது. உட்கார இடமில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள், அரசாங்கம் உடனே செவிசாய்த்து, இன்னொரு வழித்தடம் அமைத்தது. இரண்டாம் வழித்தடம் செங்கல்மேடு வரை இருபத்திரண்டு நிலையங்களோடு திறந்தபோது, ரிப்பன் வெட்டுவதற்கு முந்தைய நாளே அதன் இருக்கைகளில் துண்டுகள் கிடந்தன. ஜன்னல்தான் காரணம் என்று கண்டுபிடித்து, மூன்றாம் வழித்தடத்தின் வண்டிகளை ஜன்னல் திறக்காதபடி செய்தார்கள், துண்டுகள் கதவு வழியாக வந்தன. தரைக்கு அடியில் போனால் துண்டு வராது என்று வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சொல்ல, நான்காம் வழித்தடத்தை ஆற்றுக்கும் கீழே தோண்டி எடுத்துப்போனார்கள், அதில் ஈரத் துண்டுகள் கிடந்தன. ஐந்தாம் வழித்தடம் வட்டப் பாதை, அது எங்கும் போகாது, ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வரும். எங்கும் போகாத வண்டியில் யார் இடம் போடுவார்கள் என்று நினைத்தார்கள், எங்கும் போகிற எண்ணமே இல்லாதவர்கள் எல்லோரும் அதில்தான் போட்டார்கள். கடைசியில் துண்டுகளுக்கென்றே ஆறாம் வழித்தடத்தைக் கட்டி, மற்ற வழித்தடங்களிலிருந்து துண்டுகளை அங்கே மாற்றிவிடலாம் என்று முடிவானது. மாற்ற வேண்டுமானால் சொந்தக்காரர்கள் வந்து எடுக்க வேண்டும், சொந்தக்காரர்கள் காரில் போகிறவர்கள், வரவில்லை. துண்டுகளுக்கான வழித்தடத்தில் மனிதர்களை ஏற்றக்கூடாது என்று விதி இருந்ததால், ஆறாம் வழித்தடத்து வண்டிகள் காலையிலும் மாலையிலும் பளபளவென்று காலியாக ஓடின, நாங்கள் எதிர் நடைமேடையில் நெருக்கியடித்து நின்றுகொண்டு அதன் அழகைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

வழித்தடம் நீள நீள ஊர் நீண்டது. ரயில் வந்துவிட்டதென்று நிலையத்துக்குப் பக்கத்தில் குடிவந்தவர்களை ரயில் வந்துவிட்டதென்றே வீட்டுக்காரர்கள் கிளப்பினார்கள், அவர்கள் அடுத்த கடைசி நிலையத்துக்குப் போனார்கள், அங்கேயும் வழித்தடம் நீண்டது. முதல் வழித்தடம் குதிரைச்சந்தையைத் தாண்டி, உப்புக்கிடங்கைத் தாண்டி, வயல் இருந்த இடங்களையெல்லாம் தாண்டி, ஏழாம் மதகு வரை முப்பத்தொரு நிலையம் போய்ச் சேர்ந்தபோது, இருபது நிமிடம் நின்றவர்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார்கள். நிற்பதன் நன்மைகள் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதவைத்தார்கள். மணமகள் தேவை விளம்பரங்களில் இரண்டாம் வழித்தடத்தில் துண்டு உள்ள குடும்பம் என்று போட்டார்கள். நின்று பயணிப்போர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டாயிற்று, அது உட்கார இடம் கேட்டுப் போராடும் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஜனங்களை உங்களுக்குத் தெரியாது; அமைச்சர் துண்டுக்கு அருகில் நிற்கிற உரிமை யாருக்கு என்பதில் அது இரண்டாக உடைந்து, இரண்டு பிரிவும் வருடாவருடம் தேர்தல் நடத்தின. துண்டு காற்றில் பறந்துவிடக் கூடாதென்று அந்த ஜன்னலை மூடி ஆணியடித்தவர்களும் அவர்கள்தான். கடப்பாரைக்கு அசையாத துண்டு.

ஏகாம்பரம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நின்றார். பதினோரு வருடம், அந்த மூன்றாவது பெட்டியில், தன் துண்டுக்குப் பக்கத்தில், தன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை, இரண்டாம் நாள் சொல்லாததை இரண்டாம் வருடம் சொல்ல முடியுமா. காலில் நரம்பு சுருண்டு வீங்கியது, காலுறையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சங்கத்தின் எந்தப் பிரிவு ஜெயித்தாலும் அவரை அங்கிருந்து நகர்த்தவில்லை, அவ்வளவு பணிவாக ஒருவர் நிற்பது துண்டுக்கு மரியாதை என்று விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னார், சொல்லும்போதும் நின்றுகொண்டுதான் சொன்னார்.

அந்தப் பதினோராவது வருடத்தில்தான் குமுதவல்லி ஏழாம் மதகில் ஏறத் தொடங்கினாள். பழைய கருவூலத்துக்குப் பின்னால் இருக்கிற குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவுகிற வேலை, ஒப்பந்தத்தில். ஏழாவது மாத வயிறு. இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இந்தத் தடவை அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பையின் வாயில் தையல் போட்டு, தினமும் அவ்வளவு நேரம் நிற்காதே, நின்றால் தையல் தாங்காது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தக்காரன் ஒன்பதாம் மாதத்துக்கு முன் விடுப்பு கிடையாது, வராவிட்டால் வேறு ஆள் வரும் என்று சொல்லியிருந்தான். அவளுடைய புருஷன் தனபால் வட்டப் பாதையில் தண்டவாளம் தட்டிப் பார்க்கிற வேலைக்குப் போய் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தான். ஆக, பாட்டில் கழுவியே ஆகவேண்டும், பாட்டிலை நின்றுதான் கழுவ முடியும், அங்கே போய் நிற்பதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார ஓர் இடம் கிடைத்தால் குழந்தை தங்கும், கிடைக்காவிட்டால் தங்காது. அவ்வளவுதான் கணக்கு.

பெட்டியில் நாற்பத்தெட்டு இருக்கை, நாற்பத்தெட்டு துண்டு. தரையில் உட்காரப் பார்த்தாள். முதல் நாளே யாரோ ஒருவரின் பூட்ஸ் கால் அவள் விரல்மேல் ஏறியது, இன்னொருவர் இது வழி, வழியில் உட்காரலாமா என்று கேட்டார், மூன்றாமவரின் முழங்கால் வயிற்றுக்கு நேராக வந்ததும் கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் வருத்தப்பட்டோம். பாவம், இந்த நிலைமையில் என்று ஒருவர் சொன்னால் ஆமாம், பாவம் என்று ஐந்து பேர் சொன்னோம். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தோம், கொய்யாப்பழம் கொடுத்தோம், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று அறிவுரை கொடுத்தோம். காலை வைக்க ஒரு சாண் இடம் மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, உப்புக்கிடங்கு நிலையம் தாண்டியபோது அவள் அதைப் பார்த்தாள். ஏகாம்பரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, அமைச்சர் துண்டின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முனையைப் பழையபடி வைத்தார்.

"ஐயா, அந்த முனை எழும்புச்சு" என்றாள் குமுதவல்லி, மெதுவாக.

"எந்த முனைம்மா?"

"நீங்க கண்ணாடி தொடைச்ச முனை."

"காத்துல அசைஞ்சிருக்கும்."

"ஜன்னல்ல ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க. ஏதுங்க காத்து?"

ஏகாம்பரம் கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார். அவர் கழுத்து நனைந்துவிட்டது.

"உங்க துண்டா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று சொல்ல முடியாதபடி ஆட்டினார்.

"ஐயா, எனக்கு உள்ள தையல் போட்டு வெச்சிருக்காங்க. ரெண்டு போயிடுச்சு. இதுவும் போச்சுன்னா எனக்கு அப்புறம் தைரியம் இல்ல. கொஞ்சம் எடுத்துக்குங்களேன், நான் உக்காந்துக்கறேன்."

"தெரியும்மா. தினமும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருந்தா?"

"எடுத்தேன்னா என்னை அடிச்சே கொன்னுடுவாங்க. பதினோரு வருஷமா எல்லாரையும் ஏமாத்தினவன்னு சொல்லுவாங்க."

"நீங்க எங்க ஏமாத்தினீங்க? வாயே தொறக்கலியே."

"அதைத்தான் சொல்றேன்" என்றார் ஏகாம்பரம்.

மறுநாள் அவர் மூன்றாவது பெட்டியில் இல்லை. ஐந்தாவது பெட்டியில் ஏறி, யாருடைய துண்டோ கிடந்த இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். திங்கட்கிழமை எட்டாவது பெட்டிக்குப் போனார். வயிற்றைச் சுமந்துகொண்டு ஒரு பெண் பெட்டி பெட்டியாகத் தேடி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவள் தேடி வந்தாள், ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் வந்து நின்றாள். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் அவரே பழைய பெட்டிக்கு வந்துவிட்டார், வெட்கத்தினாலா, தன் துண்டை விட்டுவிட்டு நிற்கப் பழக்கமில்லாததாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அன்று குதிரைச்சந்தைக்கும் செட்டித்தோப்புக்கும் நடுவில் வண்டி நின்றது. குறுக்கே போகிற துண்டுகளுக்கான வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டியை அங்கே நிறுத்துவது வழக்கம். பத்து நிமிடம், இருபது நிமிடம். குமுதவல்லியின் முகம் வெளுத்ததை நான்கு பேருக்குப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, வலியை எண்ணுகிற மாதிரி கண்ணை மூடியிருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தமும் போடாமல், சொன்னாள்.

"இது இவரு துண்டு. அமைச்சரது இல்ல."

சிரித்தார்கள். சங்கத்துச் செயலாளர் பரசுராமன், இரண்டு பாதங்கள் பொறித்த பித்தளைச் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருப்பவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, வயித்துப்பிள்ளக்காரி, உனக்கு மயக்கம் கியக்கம் வருதா? யார் துண்டைப் பத்திப் பேசறன்னு தெரியுதா?"

"தெரியுது. எழுத்தர் ஏகாம்பரம் துண்டு."

"நீங்க சொல்லுங்க சார்" என்று பரசுராமன் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "உங்க துண்டா இது?"

ஏகாம்பரம் எங்களையெல்லாம் பார்த்தார், மூடிய ஜன்னலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பதினோரு வருடம் கொடுத்தும் அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சேரவில்லை. குமுதவல்லி பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையைக் கொண்டுபோய்த் துண்டின்மேல் வைத்து, விரலை மூடி, தூக்கினாள்.

துண்டு வந்துவிட்டது. கொடியில் காய்ந்ததை எடுப்பதுபோல வந்துவிட்டது. அடியில் இருக்கை புத்தம்புதிதாக, தொழிற்சாலையில் ஒட்டிய காகிதத்தோடு பச்சையாக இருந்தது. வழித்தடம் நிரம்பிய பிறகு நாங்கள் ஓர் இருக்கையின் நிறத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனி அவரை அடிப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஜனங்களை நானே இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. பரசுராமன் செருப்பைக் கழற்றினார். குனிந்தார். "ஐயா, தாங்களா" என்றார். "இத்தன வருஷம் எங்ககூட ஒருத்தரா நின்னுக்கிட்டு, ஒரு வார்த்தை காட்டிக்காம." துண்டை எடுத்துவிட்டார், ஆகவே துண்டுக்குரியவர், துண்டுக்குரியவர் என்றால் பெரிய மனிதர், பெரிய மனிதர் நின்றிருக்கிறார் என்றால் அது எளிமை. இதை அந்தப் பெட்டி ஒரே மூச்சில் முடிவு செய்தது. ஒருவர் மனு எழுதக் காகிதம் தேடினார், ஒருவர் தன் மச்சானின் பணிமாற்றத்தைப் பற்றி ஆரம்பித்தார், சங்கத்தின் மற்றப் பிரிவுக்காரர் ஐயாவைத் தாங்கள்தான் முதலில் அடையாளம் கண்டதாகச் சொன்னார். ஏகாம்பரம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லீங்க, நான் எடை அளவு ஆபீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் அரை நிமிடம் ஆகியிருக்கும். அரை நிமிடம் அந்த இருக்கை காலியாக இருந்தது. குமுதவல்லி இருந்த இடத்திலிருந்து இரண்டு எட்டு. கம்பியை விட்டுவிட்டு ஓர் எட்டு வைத்தாள், பரசுராமனின் முதுகு நடுவில் இருந்தது, "கொஞ்சம் நகருங்க" என்றாள், அவர், "இரும்மா, முதல்ல ஐயா உக்காரட்டும்" என்று திரும்பாமலே சொன்னார். அவள் சுற்றிக்கொண்டு இரண்டாவது எட்டை எடுத்துவைத்தபோது, பின்னாலிருந்து ஒரு கைக்குட்டை எல்லோர் தலைக்கும் மேலாகப் பறந்து வந்து இருக்கையின் நடுவில் விழுந்தது. கட்டம் போட்ட சாதாரணக் கைக்குட்டை. அவள் கை வைத்து இழுத்தாள். அதற்குள் அது கனத்துவிட்டிருந்தது.

"யாரு போட்டது?" என்று கேட்டாள்.

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். பாட்டிலைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னும் அழுக்குப் போகவில்லை என்று ஒதுக்கி வைப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

பிறகு ஏகாம்பரத்தின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, எங்கள் கால்களுக்கு நடுவில் தரையில் வீசினாள்.

நாங்கள் துள்ளி விலகினோம். நூற்றுப்பத்து பேர் இருந்த பெட்டியில், ஓர் ஊசி நுழையாது என்று நாங்களே சத்தியம் செய்துகொண்டிருந்த பெட்டியில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சுவரோடு ஒட்டி, ஒற்றைக் காலில் நின்று, ஒரு துண்டு விரிக்கிற அளவுக்கு இடம் விட்டோம், அதற்குமேலும் ஒரு முழம் மரியாதைக்காக விட்டோம். வயிற்றுக்கு வராத இடம் துண்டுக்கு வந்துவிட்டது. குமுதவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அதன்மேல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டினாள். அவள் காலுக்கும் எங்கள் காலுக்கும் நடுவில் தரை தெரிந்தது. வண்டி புறப்பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் திரும்பியது.

அந்தக் குழந்தை தங்கியது. கதையை நீட்டி உங்களைத் தவிக்கவிடுகிற புத்தி எனக்கு இல்லை. மிச்சமிருந்த ஒன்பது வாரமும் அவள் தினமும் துண்டைக் கொண்டுவந்து தரையில் விரித்து உட்கார்ந்து போனாள், தினமும் நாங்கள் விலகினோம், மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் பார்த்துத் தரையிலும் துண்டு போடலாம் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது, இப்போது தரையிலும் இடமில்லை, ஏழாம் வழித்தடத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏகாம்பரம் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி வரை ஐயா என்றே அவரைக் கூப்பிட்டார்கள், கடைசி வரை நின்றார்.

கைக்குட்டை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. தலைமைச் செயலாளருடையது என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதையும்விடப் பெரிய இடம் என்றார்கள், இப்போது அதைச் சுற்றிச் சின்னதாகப் பித்தளை வேலி போட்டிருக்கிறார்கள். வீசிய கையோடு நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவள் யாரு போட்டது என்று கேட்டபோது எனக்கு நேராகத்தான் நின்றிருந்தாள், ஒரு கை தூரம்கூட இருக்காது. நான் ஆணியடித்த ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.